எங்கள் ஜூலிக்கு லிஃப்ட் வேண்டும்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், கமிட்டி உறுப்பினர்கள், மூன்று பிளாக்கிலும் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சுற்றறிக்கைக்கு இங்கிலீஷில் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள், இன்னும் இருக்கிறது. கமிட்டியில் ஏழு பேரில் ஐந்து பேர் நம்ம ஊர்க்காரர்கள். பெங்களூர் வழக்கப்படி 'ஊட்டா ஆய்தா' (சாப்பாடு ஆச்சா) என்று கன்னடத்தில் தொடங்கினாலும், இரண்டாம் மாடி வருவதற்குள் தமிழுக்கு வந்துவிடுவோம். அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

நாய்களுக்கு சர்வீஸ் லிஃப்ட் மட்டும்தான், மீறினால் 500 ரூபாய் அபராதம் என்கிறது சுற்றறிக்கை. சர்வீஸ் லிஃப்ட் ஓடினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அது தீபாவளிக்கு முன்னால் நின்றது, பொங்கலும் போய்விட்டது. ஆகவே எங்களுக்கு மிச்சம் படிதான். நான்கு மாடிக்கு 72 படி. பதினெட்டு கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை?

இரண்டு முறை அபராதம் கட்டியிருக்கிறேன். இரண்டும் ஜூலி லிஃப்டுக்குள் சிறுநீர் கழித்ததற்கு. அது நடந்தது உண்மைதான். ஒருமுறை இரண்டாம் மாடிப் பெரியம்மா அதில் கால் வைத்துவிட்டார்கள். வழுக்கி விழாமல் தப்பித்தது அவர்கள் அதிர்ஷ்டமும் என் அதிர்ஷ்டமும். அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வாட்சப் குழுவில் 'வளர்ப்பு சரியில்லை' என்று ஒருவர் எழுதியதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் பிளாக் கட்டிக்கொண்டிருந்தபோது மணல் குவியலில் கிடந்த குட்டி அவள். அந்தக் கணக்கில் பார்த்தால் நம்மில் பாதிப் பேருக்கு முன்னாலேயே இங்கே குடிவந்தவள். இந்தப் பதினொரு வருடத்தில், நோய் வரும்வரை ஒருநாள்கூட வீட்டுக்குள்ளோ லிஃப்டிலோ அசிங்கம் செய்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உண்ணிக் காய்ச்சல் வந்தது. பழுப்பு நிற உண்ணி கடித்துப் பரவுகிற நோய் அது. ஒரு மாதம் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து கொடுத்தோம், காய்ச்சல் போனது. ஆனால் அதன் பிறகு சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தது. அந்தக் காய்ச்சல் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுத்திருக்கலாம் என்கிறார் டாக்டர். போன ஆவணியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4.1. சிறுநீரக நோயின் நான்கு கட்டத்தில் மூன்றாவது கட்டம். சிறுநீரகத்தில் முக்கால்வாசி போன பிறகுதான் இந்த எண் ஏறவே ஆரம்பிக்குமாம். அதுவரை வாலை ஆட்டிக்கொண்டு பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து நாங்கள் என்ன கண்டுபிடித்திருப்போம்?

கிட்னி போனால் சிறுநீர் வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கடைசியில். அதற்கு முன்னால் நடப்பது நேர் எதிர். நல்ல சிறுநீரகம் தண்ணீரை உடம்புக்குத் திருப்பி இழுத்துக்கொண்டு கழிவைக் கெட்டியாக வெளியே அனுப்பும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அப்படி இழுக்க முடியாது. குடித்த தண்ணீர் குடித்த வேகத்தில் வெளியே போகும். போவதால் தாகம், தாகத்தால் இன்னும் குடிப்பாள். ஒரு சொம்பு குடித்தவள் இப்போது மூன்று சொம்பு குடிக்கிறாள். படியில் தூக்கி இறங்கினால் வயிறு என் தோளில் அழுந்தி, இரண்டாம் மாடி தாண்டுவதற்குள் என் சட்டை நனைந்துவிடும். 'தண்ணியைக் குறைச்சுப் பாருங்க' என்று நல்லெண்ணத்தில் ஒருவர் சொன்னார். குறைத்தால் இரண்டே நாளில் படுத்துவிடுவாள்.

வீட்டில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாலில் என் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி அதில்தான் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிடுகிறோம். முதலில் வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும், குளிர்ந்தபடி ஏற்றினால் நடுங்குவாள். இரண்டு தோளுக்கும் நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். இருநூறு மில்லி இறங்கி முடிக்கும்போது முதுகில் ஒரு திமில் எழும்பியிருக்கும். அது காலைக்குள் மெல்லச் சரிந்து முன்னங்கால் பக்கம் வந்து கரைந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடமும் ஜூலி என் அம்மாவின் பாதத்தில் தலையை வைத்துப் படுத்திருப்பாள். நாய் சமையலறை வாசப்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டவர் என் அம்மா. இப்போது அவளுக்காகத் தனியாக முட்டை வேகவைக்கிறார். கெட்ட சிறுநீரகத்துக்கு ஆகாத பாஸ்பரஸ் மஞ்சள் கருவில் அதிகம் என்பதால் அவளுக்கு வெள்ளைக் கரு மட்டும். மஞ்சள் கரு எல்லாம் எனக்கு வந்து என் கொலஸ்ட்ரால் ஏறியது தனிக் கதை.

'இது ஒட்டுமா' என்று சிலர் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. அவளுக்கு இருக்கும் சிறுநீரக நோய் ஒட்டாது. நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்குப் பரவக்கூடியது லெப்டோஸ்பைரா, நாம் எலிக் காய்ச்சல் என்கிறோமே, அது. அதற்கு அவளுக்கு வருடாவருடம் தடுப்பூசி போடுகிறோம், போதாததற்கு பரிசோதனையும் செய்துவிட்டோம், இல்லை என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த நேரமும் வீட்டுக்கு வரலாம், காப்பியும் உண்டு. குழந்தைகளிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள்: பாயசத்தில் இருக்கும் திராட்சையை எந்த நாய்க்கும் போட வேண்டாம், கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம்.

இன்னொருவர் 'ஏன் சார் கஷ்டப்படுத்துறீங்க, ஊசி போட்டு முடிச்சிடலாமே' என்றார். அதை நாங்கள் பேசாமல் இல்லை. சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பி, என் ஸ்கூட்டர் சத்தத்துக்கும் எழாமல் கிடக்கிற நாள் வந்தால் டாக்டரைக் கூப்பிடுவோம். அந்த நாளை நாங்களும் டாக்டரும் பார்த்துக்கொள்கிறோம், அதில் கமிட்டிக்கு வேலையில்லை. நேற்றுக்கூட ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள்.

சட்டம் பேச எனக்குப் பிடிக்காது, ஆனாலும் செயலாளர் கேட்டதால் சொல்கிறேன். குடியிருப்பு சங்கங்களுக்காக இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது, அதற்குத் தனிக் கட்டணமும் கூடாது என்கிறது அது. சுத்தம் செய்வது வளர்ப்பவர் பொறுப்பு என்பதை நான் மறுக்கவில்லை. கட்டிய ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அதை சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். சர்வீஸ் லிஃப்ட் ஓடும் வரைக்கும் ஜூலியை மெயின் லிஃப்டில் விடுங்கள். காலை ஆறரை, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து, ராத்திரி பத்து. நடுராத்திரியும் ஒருமுறை இருக்கும், அப்போது யாரும் விழித்திருக்க மாட்டீர்கள். இடுப்பில் டயப்பர் கட்டித்தான் கூட்டி வருவேன். கையில் துணியும் ஃபினாயில் பாட்டிலும் இருக்கும்.

ஒருவேளை நீங்கள் உள்ளே இருக்கும்போது நாங்கள் வந்தால் கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது அவள் மெதுவாகத்தான் நடக்கிறாள்.

இப்படிக்கு,
மூன்றாம் பிளாக், நான்காம் மாடியிலிருந்து
ஜூலி வீட்டுக்காரன்