‘ஓரமாகப் போ’ என்றால் எவ்வளவு ஓரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்குச் சைக்கிளில் கிளம்பும் பிள்ளைகளிடம் எல்லா வீட்டிலும் சொல்வது, ‘ஓரமாகப் போ’. சென்னைச் சாலைகளில் அந்த ஓரம்தான் ஆபத்தான இடம். மணல் சேர்வது அங்கே. தார் உடைந்து பல்லிளிப்பதும், வடிகால் மூடி இருப்பதும், நிறுத்திய காரின் கதவு திறப்பதும் அங்கேதான். ஓரத்தை ஒட்டியே வந்த பிள்ளை பள்ளத்தைக் கண்டதும் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்கும். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநரால் அதை எதிர்பார்க்க முடியாது.

சாலை விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே, கோணல்மாணல் இல்லாமல் நேராகப் போகப் பழக்க வேண்டும். நிறுத்திய கார்களைக் கடக்கும்போது, கதவு முழுதாகத் திறந்தாலும் மேலே படாத அளவுக்கு விலக வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் கிடைக்கிறதே என்று உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வரக் கூடாது. கார்க்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வலக் கதவை இடக் கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022-இல் இந்தப் பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் சொல்லித்தரலாம், செலவே இல்லை.

அடுத்தது ‘ராங் சைடு’. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், அதனால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி. சைக்கிள் 15 கி.மீ. வேகத்திலும் பைக் 45 கி.மீ. வேகத்திலும் ஒரே திசையில் போனால், நெருங்கும் வேகம் மணிக்கு 30 கி.மீ. எதிரெதிரே வந்தால் 60. அதோடு, சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பி வருகிறவர் வலப்பக்கத்தைத்தான் பார்ப்பார். இடப்பக்கமிருந்து எதிர்த்து வரும் சைக்கிள் அவர் கண்ணிலேயே படாது. மீடியனில் வெகுதூரத்துக்குத் திறப்பே இல்லாத சாலைகளில் சுற்றிப் போவது கஷ்டம்தான். அங்கே இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகலாம்.

சிக்னலில் நிற்கும் பேருந்துக்கும் லாரிக்கும் இடப்பக்கமாகப் புகவே கூடாது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவருக்குத் தெரியாமல் போகலாம். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கி மூலையை அறுத்துக்கொண்டு வரும். வண்டியின் முன்பாகம் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக நிற்பவரைப் பின்சக்கரம் பிடித்துவிடும். பின்னாலேயே நிற்பதில் ஒரு நிமிடம்கூடப் போகாது. நேராகப் போக வேண்டியவர் ‘ஃப்ரீ லெஃப்ட்’ தடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதும் தவறு.

பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப, நடு ரோட்டுக்குப் போய்த் தவிக்க வேண்டாம். பச்சை விழுந்ததும் நேராகக் கடந்து, எதிர் மூலையில் இடப்பக்கம் ஒதுங்கி, சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது போகலாம்.

இனி பிரேக். பள்ளி வாசலில் நிற்கும் சைக்கிள்களில் ஒன்றின் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. குப்புற விழுவோம் என்று பயந்து முன் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறார்கள். முதலில் பின் பிரேக், உடனே முன் பிரேக்கைச் சிறுகச் சிறுக அழுத்தினால் விழ மாட்டோம். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ. போதும். கட்டை மேல் பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். செயினுக்கு விடும் எண்ணெய் ரிம்மில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் வழுக்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை உடனே பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி உட்பட எந்தப் புதுச் சைக்கிளிலும் முதல் சில வாரங்களில் பிரேக் கேபிள் தளரும், நட்டுகளும் இளகும். ஒரு முறை முடுக்கிவிடுவது அவசியம்.

புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் அது ஆடி முன்சக்கரத்துக் கம்பிகளில் சிக்கும். கேரியரில் இறுக்கிக் கட்டுவதே சரி. துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும், செயின் கவரைக் கழற்றிப் போடக் கூடாது. மாலை டியூஷன் முடிந்து திரும்புகிறவர்களுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும். ரிஃப்ளெக்டர் மட்டும் போதாது, வண்டி வெளிச்சம் மேலே விழுந்தால்தான் அது மின்னும்.

2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநகராட்சியிடம் இரண்டு கோரிக்கைகள். வடிகால் கம்பி மூடிகளின் இடுக்குகள் சாலை போகும் திசையிலேயே நீளவாட்டில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கிவிடும், குறுக்காகத் திருப்பிப் பதிக்க வேண்டும். புதுத் தார் போடும்போது பாதாளச் சாக்கடை மூடிகளையும் அதே மட்டத்துக்கு உயர்த்திய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை.