மீனின் பரிணாமத்தில் புழுவுக்கும் பங்குண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, நன்னீர் மீன்களின் பரிணாமம் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இரை, எதிரி விலங்குகள், நீரின் வெப்பநிலை, ஓட்டத்தின் வேகம் ஆகியவை மீன்களை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் மீனின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் விலங்கியல் கற்பித்த காலத்தில், செய்முறை வகுப்பில் விரால் மீனின் வயிற்றைக் கீறித் திறக்கும் மாணவர்கள், குடலை ஒட்டி வெண்ணிறப் புழுக்கள் இருப்பதைக் கண்டால் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளிவைப்பார்கள். நானும் வேறொரு மீனை எடுத்துக் கொடுத்துப் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறேன். புழு இருந்தால் அது பழுதான மீன் என்றே நாங்கள் எண்ணினோம். அன்று அந்த மீனையே மேசை நடுவில் வைத்துப் பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று இப்போது வருந்துகிறேன்.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய வான்கூவர் தீவில் ஏரிகள் ஏராளம். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், முதுகில் மூன்று முட்கள் கொண்ட ஸ்டிக்கில்பேக் என்னும் விரலளவு மீன் கடலிலிருந்து ஏறிவந்து இந்த ஏரிகளில் தங்கிவிட்டது. நன்னீரில் அதற்கு ஒரு புதிய பகை காத்திருந்தது. ஸ்கிஸ்டோசெஃபாலஸ் என்னும் நாடாப்புழுவின் முட்டைகள், மீன் தின்னும் பறவைகளின் எச்சத்தோடு நீரில் விழுந்து பொரிகின்றன. வெளிவரும் இளம்புழுவை நுண்ணிய ஓட்டுடலிகள் விழுங்க, அவற்றை மீன் விழுங்க, அந்த மீனைப் பறவை விழுங்க, பறவையின் குடலில் புழு முட்டையிட்டுத் தன் வாழ்க்கையை முடிக்கிறது. இது நன்னீரைச் சார்ந்த புழு என்பதால் கடலில் வாழும் மீன்கள் அதைச் சந்திப்பது அரிது. மீனின் வயிற்றறையில் வளரும் இந்தப் புழு சில வேளைகளில் மீனின் எடைக்கே ஈடாகப் பருத்துவிடும். வயிறு புடைத்து, அச்சம் குறைந்து, நீர்மட்டத்தை ஒட்டித் திரியும் அந்த மீன் பறவைக்கு எளிதில் இரையாகிறது.

ஒரே கடலிலிருந்து வந்த மீன்கள் இந்தத் தொல்லைக்கு ஒரே விதமாக விடை காணவில்லை. அத்தீவின் ராபர்ட்ஸ் ஏரியின் மீன்கள் உடலுக்குள் புழுவைப் பெரிதாக வளரவிடுவதில்லை. கோஸ்லிங் ஏரியின் மீன்களிலோ அது தாராளமாக வளர்கிறது. அமெரிக்கப் பரிணாம உயிரியலாளர் டேனியல் போல்னிக்கும் அவருடைய குழுவினரும் 2017-லும் 2022-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதன் காரணத்தைத் தேடின. எதிர்க்கும் மீன்களின் வயிற்றறையில் நார்த்தழும்பு படர்ந்து, புழுவின் வளர்ச்சியை ஒடுக்குகிறது என்றும், கடலிலிருந்து வந்த மீன்கள் ஏரிகளில் குடியேறிய பிறகே இந்த எதிர்ப்பைப் பெற்றன என்றும் அவர்கள் கண்டனர்.

அந்தத் தழும்புக்கு மீன் கொடுக்கும் விலை பெரிது. உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அளவுக்கு அது படரும்போது, மீனின் இனப்பெருக்கத் திறன் வெகுவாகக் குறைகிறது. ஆகவே சில ஏரிகளில் அந்த எதிர்ப்பைக் கைவிட்டு, புழுவைப் பொறுத்துக்கொண்டு குஞ்சு பொரித்துவிடும் மீன்களையே இயற்கைத் தேர்வு ஆதரித்திருக்கிறது. இரு வகை மீன்களின் மரபணுக்களிலும் எதிரெதிர்த் திசையில் நடந்த தேர்வின் தடயங்கள் தெரிகின்றன. இதுவே இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. நோயை வெல்வதே முன்னேற்றம் என்று நாம் பழக்கத்தால் சொல்லிவருகிறோம். கோஸ்லிங் மீனைத் தோற்றுப்போனது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. இரண்டும் இன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஏரிக்கு ஏரி மீன்கள் தம்முள் வேறுபட்டுப் போவது எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காண்பது கடினம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியும் அன்று. பால்டிக் கடற்பகுதியின் சால்மன் மீன்கள் சில நெடுங்காலமாக உடன் வாழ்ந்து தாங்கப் பழகிய கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்னும் அரை மில்லிமீட்டர் ஒட்டுண்ணி, 1970-களில் மீன்குஞ்சுகளோடு நார்வேக்குப் போய்ச் சேர்ந்தது. அதை முன்பின் அறியாத அங்குள்ள சால்மன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சுமார் 50 ஆறுகளில் அது பரவியது. பல ஆறுகளில் ரோட்டினோன் என்னும் நஞ்சை இட்டு எல்லா மீன்களையும் கொன்றே அதை அகற்ற வேண்டியதாயிற்று. மீனை ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குக் கொண்டுசெல்கிறவர், அதன் ஒட்டுண்ணியையும் அதன் பரிணாம வரலாற்றையும் சேர்த்தே கொண்டுசெல்கிறார். வெளியூர் மீன்குஞ்சுகளை ஏரி குளங்களில் விடும் நமக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஆகவே அறிவியல் பக்கத்தில் இந்தத் தொடர் நீளுமானால், ஒட்டுண்ணிகளுக்கென ஒரு கட்டுரையை ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் திறந்த மீனின் வயிற்றறைப் படத்தையும் அதனுடன் வெளியிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளர்,
தஞ்சாவூர்