என்னைத் தாங்கிய எல்லாருக்கும்

கர்த்தருக்குள் அன்பான ஆயர் ஐயாவுக்கும், சபையாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும், வாலிபப் பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்தோத்திரம்.

என் மகன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. இப்போதுதான் எழுதக் கை வந்தது.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களுக்காகவே அலைந்தோம். எடுத்து வைத்தால் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் முன்கூட்டிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பிள்ளை வந்து, கையில் ஊசியோடு ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மெஷின் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பி விடும். வந்தவர்கள் பதினான்கு பேர். எல்லாரும் நம் சபைப் பிள்ளைகள் இல்லை. மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி நோன்பு திறந்த கையோடு வந்தான். கொடுத்து முடித்ததும் வீட்டுக்குப் போகாமல், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வார்டு வாசலிலேயே நின்றான். "அவனுக்கு ஏறிட்டா அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினான். அந்த இளமஞ்சள் நிறப் பை சொட்டுச் சொட்டாக இறங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் அவனை அடக்கம் பண்ணினோம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்குப் போகவே எனக்கு மனமில்லை. இரண்டு சகோதரிகள் வந்து, ஒன்றும் பேசாமல் சேலையை எடுத்துக் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். அங்கே தியானிக்கிற, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதை நான் அதுவரை ஆழமாக நினைத்ததில்லை. அருகில் நின்ற சீஷனைக் காட்டித் தம் தாய் மரியாளிடம் அவர் சொன்னது அது: "அதோ, உன் மகன்." கண்முன்னே பிள்ளையைப் பறிகொடுக்கும் ஒரு தாய் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். ஆணி அடித்த கையோடு அவர் அவளுக்கு ஒரு வீட்டைத் தேடித் தருகிறார். உலகத்தின் பாவத்தையெல்லாம் சுமக்கிற நேரத்திலும் அவருக்கு ஒரு தாயின் நாளைய சோறு ஞாபகம் இருந்தது. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். ஏன் எடுத்தீர் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் பிள்ளையைக் கொடுத்த வேதனை தெரிந்த பிதாவிடம்தான் அதைக் கேட்கிறேன் என்பது ஆறுதலாக இருக்கிறது.

அந்தச் சீஷன் மரியாளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். நீங்களும் என்னை அப்படித்தான் சேர்த்துக்கொண்டீர்கள். கல்லறைக் குழி வெட்டிய அண்ணாச்சிமாருக்கும், ராத்திரி துணைக்குப் படுத்த பிள்ளைகளுக்கும், மருந்துக்கடைக் கடனை என்னிடம் சொல்லாமலே அடைத்தவருக்கும் நன்றி. அது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிளேட்லெட் கொடுத்த பதினான்கு பேரையும் பெயர் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறேன்.

கஞ்சி வந்த ஒரு தூக்குச்சட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது. அடியில் பெயர் வெட்டவில்லை. வெறும் சட்டியாகத் திருப்பித் தர மனம் வரவில்லை. யாருடையதோ, வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள்.