குழாய் மாட்டித் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளம்பர் வேலை பார்க்கும் அண்ணன், தம்பிகளுக்கு வணக்கம்.

தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லி எப்போதும் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். எங்களுக்குக் குழாயைத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதனால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

போன மாதம் எங்கள் வாஷ்பேசின் குழாயடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பார்த்தேன். 5 வினாடியில் நிரம்பிவிட்டது. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் பல் தேய்த்தால் 24 லிட்டர், ஒரு பெரிய வாளித் தண்ணீர்! வேறு வேலைக்கு வந்த பிளம்பர் தம்பி குழாய் வாயில் ஒரு ஏரேட்டரைத் திருகிவிட்டுப் போனார். சின்ன வலை வில்லைதான். தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் தடுப்பு வேகத்தைக் குறைக்கிறது. இப்போது அதே பாட்டில் நிரம்ப 12 வினாடி ஆகிறது. கை கழுவும்போது வித்தியாசமே தெரியவில்லை.

வாளி பிடிக்கும் குழாய்க்கு இது வேண்டாம். பத்து லிட்டர் வேண்டுமென்றால் பத்து லிட்டர்தான், நேரம்தான் வீணாகும். கை, முகம், பாத்திரம் கழுவும் இடங்களில் மாட்டுங்கள். உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், தண்ணீர் வரவில்லையென்று நாங்களே அதைக் கழற்றி எறிந்துவிடுவோம்.

அப்புறம், சொட்டும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 4 லிட்டருக்கு மேல் போகிறது. நாங்கள் பலம்கொண்டமட்டும் இறுக்கி, உள்ளே இருக்கும் வாஷரை இன்னும் நசுக்குகிறோம். எங்கள் சமையலறைக் குழாயைக் கழற்றியபோது வாஷரில் வட்டமாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அதை மாற்றியதும் சொட்டு நின்றது. புதுக் குழாய் தேவைப்படவில்லை. வாஷர் மாற்ற மட்டும் வந்தால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது, தெரியும். வந்துபோகும் கூலியைத் தயங்காமல் கேளுங்கள், கொடுப்பதுதான் நியாயம்.

கிளம்பும் முன் இன்னொன்று. வீட்டில் இருக்கும் ஒருவரை, பாட்டியாக இருந்தாலும் சரி, பேசினுக்குக் கீழே, குழாய்க்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வு பக்கம் கூப்பிடுங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் அதைக் கொஞ்சம் மூடி வைக்கலாம் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்று அவர்களையே ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வீட்டுக்காரர்