எதிர்வீட்டு அக்காவின் கோலமாவு

அம்மாப்பேட்டை சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆடியில் அவர் இடுப்பு எலும்பு முறிந்த கதையை மறுபடியும் எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தீர்கள், மீதிப் பேர் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கைத்தடியோடு நடக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, அழுகைதான் வருகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. எங்கள் தெருக்காரர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். சாக்கடைத் தண்ணீர் சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

அப்பாவின் நோய்க்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன்) என்று பெயர் வைத்தார்களே தவிர, எங்களைப் படுத்தியது நடுக்கம் இல்லை, கால்தான். நடந்துகொண்டே இருப்பார். வாசல்படி வந்ததும் பாதம் இரண்டும் தரையில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், கால் வராது. அதே மனிதர் மொட்டைமாடிப் படியைக் கிடுகிடுவென ஏறுவார். "வேணும்னே பண்றாருப்பா" என்று ஒரு உறவுக்காரர் என் காதுபடவே சொன்னார். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். கையைப் பிடித்து இழுப்பேன். இழுக்க இழுக்க இன்னும் விறைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையிலும் அதே கதை. வாசலில் அப்பா நின்றுவிட்டார். நான் பின்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, "எடுங்கப்பா, காலை எடுங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். எதிரே கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. "இழுக்காத கண்ணு, விடு" என்றார். அப்பாவின் கால்விரலுக்கு முன்னால் குனிந்து, குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இரண்டு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. "தாத்தா, கோலத்த மிதிச்சிராதீங்க, தாண்டி வாங்க."

அப்பா காலைத் தூக்கினார். தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். தெரு வரைக்கும் வந்துவிட்டார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன மார்கழியில் பார்த்தாராம். தினமும் எங்கள் வாசலில் நின்று தவிக்கிற அப்பா, தெருவை அடைத்துப் போட்ட தன் பெரிய கோலத்துக்குப் பக்கத்தில் வந்ததும், மிதித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு இழையாகத் தாண்டிப் போனாராம். "சொல்லலாம்னுதான் இருந்தேன். பேச்சு இல்லையே, எப்படிச் சொல்றது" என்றார். ஆறேழு மாதம் அது அவர் மனசிலேயே இருந்திருக்கிறது. ஒரு சாக்கடைக்காக நாங்கள் எதை எதை இழந்தோம் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிசியோதெரபி பார்க்க வருகிற பெண்ணிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. இது தெரிந்த வழிதானாம். யோசிக்காமல் தானாக நடக்கிற நடையைத்தான் இந்த நோய் கெடுக்கிறது. கண் ஒரு கோட்டைப் பார்த்து, அதைத் தாண்ட வேண்டும் என்று மனசு நினைத்துவிட்டால் மூளை வேறு பாதையில் காலுக்கு உத்தரவு போடுகிறது. மாடிப்படி சுலபமாக இருப்பதற்கும் காரணம் அதுதான், ஒவ்வொரு படியும் ஒரு கோடு. கோடு இல்லாத இடத்தில் கூட இருப்பவர் தன் பாதத்தைக் குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்லலாம், அல்லது "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாகச் சொல்லலாம். எல்லோருக்கும் எல்லா நேரமும் பலிக்காது என்றும் சொன்னார். எங்களுக்கும் மாத்திரை வேகம் இறங்குகிற நேரத்தில் பலிப்பதில்லை.

அக்கா அன்றோடு விடவில்லை. காலை ஐந்தரைக்குத் தன் வாசலை முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வருகிறார். முதல் இரண்டு நாள் அரிசிமாவில் போட்டார், எறும்பு வரிசைகட்டிவிட்டது, அப்பா எறும்பை மிதிக்காமல் இருக்கத் தனியாக ஒரு நடனம் ஆடினார். பிறகு கல்மாவு. வீட்டுக்குள் வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை, அதனால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி ஒட்டினோம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பதினாலு கோடு. ராத்திரி எழுந்தால் தெரிய வேண்டுமே என்று அக்காவே ஒரு சின்ன விளக்கும் வாங்கி வந்து மாட்டிவிட்டார். திரும்பும்போதுதான் இன்னும் சிக்கல். நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து வர வேண்டும். "ஏற்காட்டு பஸ் மாதிரி எடுக்கணும், இருபது வளைவுக்கும் அதேதான்" என்று அப்பாவே இப்போது சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பும் முகத்தில் முழுசாக வருவதில்லை, முகத் தசையும் இறுகிவிட்டது. குரலில் தெரியும்.

மற்ற எல்லோரையும் ஒன்றாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அழைத்த நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோ அண்ணன், ராத்திரி பதினொரு மணிக்குக் கடை திறந்து மாத்திரை அட்டை கொடுத்த மருந்துக்கடைத் தம்பி, ஏற்காட்டிலிருந்து ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் சுமந்து வந்து பதினைந்து நாள் சமையலைப் பார்த்துக்கொண்ட சித்தி, சாயங்காலமானால் வந்துவிடுகிற அப்பாவின் தறிக்கார நண்பர்கள். நாற்பது வருஷம் குழித்தறியில் ஒன்றாக மிதித்தவர்கள். அப்பா குரல் உள்ளே போய்விட்டது என்பதால் பேப்பரைக் கையில் கொடுத்து, "தறிச்சத்தத்துக்கு மேல கேக்கணும்" என்று சத்தமாகப் படிக்க வைக்கிறார்கள். இட்லி சாம்பாரோடு மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று திகைத்த எனக்கு, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்கச் சொன்ன நர்ஸம்மா. பருப்பில் இருக்கிற புரதம், அப்பா மாத்திரையில் இருக்கிற லெவோடோபா மருந்தை உள்ளே போகவிடாமல் முட்டி மோதும் என்பது எங்களுக்கு எங்கே தெரியும். பருப்பை நிறுத்தவில்லை, பெரும்பங்கை ராத்திரிக்கு மாற்றினோம், அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான்.

அப்பாவுக்கென்று ஒருவர் கொடுத்த பூனைக்காலிப் பொடி விவகாரத்தில் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. வாங்கிக் கொடுத்தவர் அன்போடுதான் கொடுத்தார். பூனைக்காலி விதையில் அதே லெவோடோபா இருப்பது உண்மைதான். எந்தப் பொடியில் எவ்வளவு என்று தெரியாமல், அதை நம்பி மாத்திரையைக் குறைத்தது நான். அந்த மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று பிறகுதான் தெரிந்தது. இனி எந்தப் பொடியும் லேகியமும் டாக்டர் கண்ணில் காட்டாமல் அப்பா வாய்க்குப் போகாது, இது சத்தியம். கொண்டுவந்து கொடுப்பவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்வேன், கேட்டுவிட்டுத்தான் பிரிப்பேன். காலை நடை, கைகால் நீட்டும் பயிற்சி, கீரை, தண்ணீர், இவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தினமும் நடக்கிறது.

கடைசியாகத் தெருக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் எங்கள் வாசல் கோடுகள்மேல் பைக்கை நிறுத்தாதீர்கள். சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கொள்ளலாம். அக்காவும் சம்மதித்துவிட்டார்.