பச்சரிசி தின்ற என் பெரியவளுக்கு

சயான் கோலிவாடா,
மும்பை.

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிவிட்டு நீ மீட்டிங்குக்குப் போய்விடுவாய். எழுதி அனுப்பினால் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டாவது படிப்பாய்.

போன மாதம் ஒரு நாள் நம் பில்டிங்கில் லிஃப்ட் ஓடவில்லை. தங்கச்சி ஸ்கூல் விட்டு வரும் நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். இறங்கிப் போய்ப் பார்த்தால், மூன்றாவது மாடிப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது, உதடு வெளுத்துக் கிடக்கிறது. "பீரியட்ஸும்மா, அதான்" என்றாள். 'பதினாலு வயசுல படி ஏற முடியலையா' என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

கேட்கவில்லை. அதே கேள்வியை உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று அந்தப் படியிலேயே ஞாபகம் வந்துவிட்டது. நீ ஒன்பதாவது படித்தபோது பழைய வீட்டில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். பீரியட்ஸ் நாட்களில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய், நான் குடத்தை நங்கென்று வைத்து எழுப்புவேன். "நாங்கல்லாம் இந்த நாள்ல குடம் தூக்கலையா? உனக்கு மட்டும் என்னடி சோம்பேறித்தனம்?" நீ ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வருவாய். பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்பாய்.

தங்கச்சியை மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் முதலில் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கோழித்தோல் மாதிரி வெளுத்திருந்தது. எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேட், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்பது நாள் போகிறதாம், முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றுகிறாளாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி, இரண்டு மணிக்குள் பேட் நனைந்தாலோ அது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை என்றார். அப்புறம் அவளைப் பார்த்து, "அரிசி, சாக்பீஸ், ஐஸ் ஏதாவது தின்னத் தோணுதா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. உன் ஸ்கூல் பினஃபோர் பாக்கெட்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. துவைக்கும்போது தையல் மடிப்பில் நான்கு பச்சரிசி ஒட்டிக்கொண்டிருக்கும். டப்பா மூடியைச் சத்தம் வராமல் திறந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவாய். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்" என்று பாட்டியும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனால் இப்படித் தின்னத் தோன்றும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டப்பாவை மேல் ஷெல்ஃபில் ஏற்றி வைத்தேன். அதுதான் நான் பார்த்த வைத்தியம்.

தங்கச்சிக்கு ஹீமோகுளோபின் 8.6. அவள் வயதில் 12-க்குக் குறையக் கூடாது. ஒரு மில்லி ரத்தம் போனால் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு போகிறது, சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் என்று டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக் காட்டினார். வளர்கிற வயது வேறு, அதற்கும் இரும்பு வேண்டும். வரவைவிடச் செலவு அதிகமானால் என்ன ஆகும்? தைராய்டும் பார்க்கச் சொன்னார். ரத்தம் உறையாத கோளாறு ஏதாவது இருக்குமோ என்று மூக்கில் ரத்தம் வருமா, பல் பிடுங்கினால் நிற்காமல் போகுமா என்றும் விசாரித்தார். அதெல்லாம் இல்லை. வயது வந்த முதல் இரண்டு மூன்று வருடம் சுழற்சி சரியாக அமையாததால் இப்படி அதிகம் போவது உண்டாம். இரும்பு மாத்திரையும், அந்த நாட்களில் மட்டும் போக்கைக் குறைக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். எல்லோருக்கும் இருப்பதால்தான் எல்லோரும் 'அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டோம் போல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்கூலில் வாரம் ஒரு நீல மாத்திரை தந்தார்களே, அதுவும் இரும்பு மாத்திரைதான். வயிற்றைப் புரட்டுகிறது என்று நீ சொன்னாய். "உடம்புக்குச் சூடு, தூக்கிப் போடு" என்று சொன்னது நான். சாப்பிட்டபின் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தால் போதும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்ததோடு எல்லாம் ஆயிற்று என்று இருந்துவிட்டேன். அம்மாவை மன்னித்துவிடு கண்ணு.

இப்போது வீட்டில் சாப்பாட்டோடு டீ கிடையாது. டீ இரும்பைச் சேரவிடாது. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கிறேன், பாலோடு கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கறிக்கடையில் சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், சொல்லிவைத்து வாங்கி வருகிறார். பாட்டி ஊரில் வயது வந்த பெண்ணுக்கு இதைத்தான் வதக்கிக் கொடுப்பார்கள், நான்தான் இங்கே வந்து மறந்துபோனேன். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அரிசி டப்பா பக்கம் அவள் போவதே இல்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன ஞாயிறு வீடியோ காலில் பேசும்போது நீ டம்ளரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாய். முடி கொட்டுகிறது என்றாய். பீரியட்ஸ் வந்தால் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகவும், "எல்லாருக்கும் இருக்கிறதுதானேம்மா" என்றும் சொன்னாய். அந்த வார்த்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

ஹைதராபாத்தில் லேபுக்கா பஞ்சம்? இந்தச் சனிக்கிழமை போ. சிபிசியும் (ஹீமோகுளோபினும் ரத்த அணுக்களும் பார்க்கிற டெஸ்ட்) ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஃபெரிட்டின்தான் உடம்பில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும், 15-க்குக் கீழே வந்தால் கையிருப்பு காலி. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இது குறைந்திருக்கலாம், அதனால் ஒன்று போதும் என்று திரும்பி வந்துவிடாதே. சளி காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடு, அப்போது கணக்கு ஏறிக் காட்டும். ரிப்போர்ட்டோடு ஒரு லேடி டாக்டரைப் பார். மாத்திரை எழுதினால், தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே. ரத்தம் ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. தங்கச்சி தன் ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்தில் உனக்கும் இடம் விட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா