மூட்டு வலிக்காரர்களுக்கும் ஒரு தடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர கிராமங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் வயதானவர்கள் மெதுவாக நடக்க ஏற்ற தடங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். கொங்கு நாட்டில் கடலுக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் பவானி, ஈரோடு பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் கரை இருக்கிறதுங்க. 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி ஆற்றில் பிரிந்து, காவிரியை ஒட்டியே சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து போய் நொய்யலைத் தொடுகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டிய வாய்க்கால் என்பதால் கரையிலும் ஏற்ற இறக்கம் தெரியாது. மூட்டு தேய்ந்த என்னைப் போன்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வெள்ளென கிளம்பினால் ஒரு பக்கம் மஞ்சள் காடு, மறுபக்கம் வாழை. மடைவாயில் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். பக்கத்தில் போனாலும் அசையாது. ஊருக்குள் நுழைந்ததும்தான் வினை. கோழிக்கழிவு மூட்டைகளையும் கருவேல முள்ளையும் தாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

முழுக்கரையையும் கேட்கவில்லை. முதலில் இரண்டு கிலோமீட்டர் சுத்தம் செய்து, புங்க மரமும் அங்கங்கே கல் பெஞ்சும் வைத்தால் போதும். டைல்ஸ் மட்டும் வேண்டாம் சாமி, மழையில் வழுக்கும். மண் தடமே நல்லது. அப்புறம், காட்டுக்குப் போகும் டிராக்டர் வழியை மறித்துவிடாதீர்கள். படித்துறைகளில் பிடித்து இறங்க ஒரு கம்பியும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், பவானி